வலை விரித்த நீரில் ஒரு சிறுவிமானம்

இரண்டு பேர், அவர்களின் பை, ஒரு தாங்கி பெற்றோல், எஞ்சின், இறகு எல்லாம் சேர்த்து நிறுத்தாலும் 650 கிலோவைத் தாண்டாத விமானங்கள் உண்டு. நம் தெருக்களில் ஓடும் அல்ட்டோ கார், ஆள் ஏறாமல் வெறுமையாய் நிற்கும்போதே பெரும்பாலும் அதைவிடக் கனம். இந்த விமானத்தின் வயிறு படகின் அடிப்பாகம் போலிருக்கும். சக்கரங்களை உள்ளே மடித்துக்கொண்டால் குளத்தில் இறங்கும். வெளியே நீட்டினால் ஓடுபாதையில் இறங்கும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004 செப்டெம்பரில் ‘இலகு விளையாட்டு விமானம்’ என்றொரு புதிய வகையை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, தரையில் மட்டும் இறங்குபவைக்கு 600 கிலோவும் நீரில் இறங்குபவைக்கு 650 கிலோவும் உச்ச எடை என்று வைத்தது. ஆசனம் இரண்டு, எஞ்சின் ஒன்று, உச்ச வேகம் மணிக்குச் சுமார் 222 கிலோமீற்றர் என்பவையும் அன்றைய வரம்புகள். ஓட்டுவதற்குக் குறைந்தது 20 மணிநேரப் பறப்புப் பயிற்சி போதும். வழக்கமான தனியார் விமானிக்கு அந்த நாட்டில் கேட்பதில் அது பாதி. மருத்துவச் சான்றிதழுக்குப் பதிலாகச் சாரதி அனுமதிப்பத்திரமே போதுமானது. பறப்பதைத் தொழிலாகக் கொள்ளாத ஆசிரியரோ கடைக்காரரோ ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பறந்துவிட்டு வரட்டும் என்பதே சட்டத்தின் எண்ணம். புளோரிடாவில் உருவான சீரே, பிரேசிலின் சீமாக்ஸ், சுப்பர் பெட்ரல், கலிபோர்னியாவின் ஐக்கன் ஏ5 ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. 2025 ஜூலையில் அமெரிக்கா அந்த எடை வரம்பையே எடுத்துவிட்டு, விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க வல்லது என்பதை அளவுகோலாக்கியது. இனி இவை பெருகும். பெருகும் பொருளுக்குப் புது இடம் தேடுவார்கள். அழகான களப்புகள் நிறைந்த ஒரு வெப்பவலயத் தீவு அந்தத் தேடலில் தப்பாது.

முதலில் இயந்திரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். வாதம் முழுவதும் அதில்தான் ஊன்றி நிற்கிறது. தண்ணீர் விமானத்தை எளிதில் விடாது. அடிப்பாகத்தோடு ஒட்டிப் பின்னுக்கு இழுக்கும். அதனால்தான் இவற்றின் வயிற்றில், நடுவுக்குச் சற்றுப் பின்னே, படிக்கட்டு போல ஒரு வெட்டு இருக்கும். வேகம் கூடக் கூட விமானம் மேலெழுந்து அந்தப் படியின் விளிம்பில் மட்டும் சறுக்கத் தொடங்கும். பின்பக்கம் காற்று புகுந்து நீரின் பிடி அறும். அதன் பிறகுதான் எழும்ப முடியும். எஞ்சினைத் தண்ணீர்த் தூவானம் அடிக்காத உயரத்தில், பெரும்பாலும் இறகுக்கு மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். இதனால் ஒரு விசித்திரம் உண்டு: தள்ளுவிசை மேலிருந்து வருவதால், எஞ்சினைக் கூட்டினால் மூக்கு மேலே போவதற்குப் பதிலாகக் கீழே குனியப் பார்க்கும். தரை விமானத்தில் பழகிய கை இங்கே புதிதாகப் பழக வேண்டும். மிகக் கொடிய தவறு சக்கரத்தில் இருக்கிறது. சக்கரத்தை மறந்து வயிற்றால் ஓடுபாதையில் இறங்கினால் அடி உராயும், பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. சக்கரத்தை நீட்டியபடி தண்ணீரில் இறங்கினால் அது நீரில் கொளுவி, விமானம் தலைகுப்புறக் கவிழும்; உள்ளே இருப்பவர் தலைகீழாக, நீருக்கடியில், பட்டியோடு தொங்குவார். அதனால் இவ்வகை விமானிகள் ஒவ்வொரு இறக்கத்திலும் ‘இது தண்ணீர், சக்கரம் உள்ளே’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்கப்படுகிறார்கள். இன்னொன்று, காற்றே இல்லாத கண்ணாடி நீர். பார்ப்பவருக்கு அது அழகு. விமானிக்கு நீர்மட்டம் எங்கே என்றே தெரியாது. பத்து அடி உயரத்தில் இருக்கிறோமா இரண்டு அடியிலா என்று கண் ஏமாறும்.

இப்போது அப்படித் தேடுவோர் கண்ணில் படக்கூடிய ஒரு களப்புக்கு, நம் நாயாற்றுக்கு வருவோம். முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய் நோக்கிக் கரையோரமாகத் தெற்கே போனால் அளம்பில், செம்மலை தாண்டி வருவது நாயாற்றுக் களப்பு. ஒடுங்கிய வாயால் கடலோடு சேர்கிறது. மேற்கே காடு, கரைகளில் கண்டல், அடியில் கடற்புல். அதைத் தாண்டினால் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். செய்மதிப் படத்தில் பார்க்கும் ஒருவருக்கு இது சிறுவிமானத்துக்கென்றே அமைந்த நீர் போலத் தோன்றும்: பரந்த நீர்ப்பரப்பு, பெருங்கடல் அலை உள்ளே வராது, உயர்ந்த கட்டடமோ மலையோ இல்லை, பக்கத்தில் நெரிசலான நகரமும் இல்லை. அந்தத் தோற்றத்தை நம்பக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இப்படியொரு விமானம் வன்னிக்கு வரலாமா என்ற கேள்விக்கு விடையை விமானத்தில் தேடுகிறவர்கள், அது எவ்வளவு சிறியது, எவ்வளவு பாதுகாப்பானது, எவ்வளவு டொலர் கொண்டுவரும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். விடை தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் இப்போது யார் எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே மற்றக் கணக்குக்குப் போகலாம். அப்படிப் பார்த்தால், விமானம் வரக்கூடும் என்றே நினைக்கிறேன். ஆனால் விளம்பரங்கள் விற்கும் அந்தச் சுதந்திரத்தோடு வரமுடியாது.

களப்பின் நீர் மேலிருந்து பார்க்க வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே நடக்கும் தொழில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான். தடி நட்டுக் கட்டிய வலையின் தடிகள் நீருக்கு மேலே ஒரு சாண், இரண்டு சாண்தான் நீட்டிக்கொண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் அவை நீரின் நிறத்தோடு கலந்துவிடும். விடுவலையின் நைலோன் நூல், கையில் எடுத்துப் பார்த்தாலே சரியாகத் தெரியாத மெல்லிய நூல். அது எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளம் ஒரு ரெஜிபோம் துண்டோ மூடி இறுக்கிய வெறும் போத்தலோ மட்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. களப்பு ஆழமற்றது. கோடையில் வாய் மண் மூடி நீர் வற்றும்போது பரந்த இடங்களில் ஆள் நடந்தே தொழில் செய்யலாம். இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிபவரும் குனிந்து இறால் தேடுபவரும் விமானியின் கண்ணுக்கு ஒரு தலையும் இரு தோளும்தான். 2004 விதியின்படி இலகு விளையாட்டு விமானத்தின் சட்டபூர்வமான மிகக் குறைந்த பறப்பு வேகம்கூட மணிக்கு 83 கிலோமீற்றர் வரை இருக்கலாம் என்றிருந்தது. அதாவது ஒரு விநாடிக்கு 23 மீற்றர். நூறு மீற்றர் தூரத்தில் அந்தத் தலையைக் கண்டால் கையில் இருப்பது நாலு விநாடி. நீரில் இறங்கும் கணத்தில் விமானத்தின் மூக்கு சற்று மேல்நோக்கியே இருக்கும். நேர்முன்னே தாழ்வாக இருப்பது மறைந்துபோகும். பொழுதுபோக்கு விமானிகள் பறக்க விரும்பும் நேரம், காற்று எழுவதற்கு முந்திய விடியற்காலை. வலை எடுக்கும் நேரமும் அதுதான். கண்ணை ஏமாற்றும் கண்ணாடி நீர் கிடக்கும் நேரமும் அதே.

நம் தீவுக்குக் கடல்விமானம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் காலிக்கு அருகே கொக்கலைக் களப்பில் பிரித்தானிய வான்படை ஒரு தளம் வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கிருந்து எழுந்த கற்றலினா விமானத்தில் போன கனடிய விமானி லெனார்ட் பர்ச்சல்தான் தெற்கேயிருந்து வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு தகவல் அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது, 9ஆம் திகதி திருகோணமலை. 1943 முதல் 1945 வரை அதே கொக்கலைக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினாக்களை இடையில் எங்கும் இறங்காமல் ஓட்டியது. ஒரு பயணம் ஒருநாளைத் தாண்டும். பயணிகள் இரண்டு சூரிய உதயங்களைப் பார்ப்பார்கள். விமான வரலாற்று நூல்கள் இவற்றைப் பெருமையோடு சொல்லும். அந்தத் தளத்துக்காகக் கொக்கலையில் குடியிருந்தவர்கள் குறுகிய அவகாசத்தில் வீடுவாசலை விட்டு எழுப்பப்பட்டதை அவ்வளவாகச் சொல்லாது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர் அது. அவருடைய பரம்பரை வீடு தப்பி இன்று நூதனசாலையாக நிற்கிறது, சுற்றியிருந்த ஊர் தப்பவில்லை. போர்க்காலம், வேறு வழியில்லை என்று வாதிடலாம். ஆனால் அமைதிக்காலத்திலும் ‘வெறும் தண்ணீர்தானே’ என்ற பார்வை மாறவில்லை என்பதற்கு அண்டை நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

2013 ஜூன் 2ஆம் திகதி கேரள அரசு கடல்விமான சேவையொன்றைத் தொடக்கிவைத்தது. கொல்லம் அஷ்டமுடிக் காயலிலிருந்து எழுந்து ஆலப்புழை புன்னமடைக் காயலில் இறங்குவது திட்டம். புன்னமடையில் மீனவர்கள் வள்ளங்களோடு நீரில் இறங்கி நின்றார்கள். விமானம் அங்கே இறங்க முடியவில்லை. திட்டம் அப்படியே படுத்துவிட்டது. விமானம் எழுப்பும் அலை பற்றிய அச்சத்தைவிட, இறங்குதளம் என்று குறித்த நீரிலிருந்து தங்களை விலக்கிவிடுவார்கள் என்ற அச்சமே மீனவரிடம் பெரிது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 11ஆம் திகதி, கொச்சி போல்காட்டியிலிருந்து மூணாறுக்கு அருகே மாட்டுப்பெட்டி அணைக்கு ஒரு ட்வின் ஒட்டர் விமானத்தைச் சோதனையாகப் பறக்கவிட்டபோதும் மீனவர் சங்கங்கள் மறுபடி குரல் எழுப்பின. குஜராத்தில் சபர்மதிக்கும் கெவாடியாவுக்கும் இடையே 2020 ஒக்டோபர் 31ஆம் திகதி தொடங்கிய சேவைக்கு, முன்கூட்டியே இறங்குநீரிலிருந்த முதலைகளைப் பிடித்து வேறிடம் மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவும் செய்து, 2021 ஏப்ரலில் சேவை நின்றுபோனது. ஒரு நீர்நிலையை ஓடுபாதையாக்க ஏற்கெனவே அதில் இருப்பவரை, அது மனிதராகட்டும் முதலையாகட்டும், அகற்றியே ஆகவேண்டும் என்ற நினைப்பு இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஊறிக்கிடக்கிறது.

மாலைதீவில் நடக்கிறதே, அங்கே யாரும் தடுக்கவில்லையே என்று கேட்பது நியாயமான கேள்வி. உலகின் மிகப் பெரிய கடல்விமான அணி மாலைதீவில்தான் இருக்கிறது. ட்வின் ஒட்டர்கள் நாள் முழுவதும் களப்புகளில் ஏறி இறங்குகின்றன. ஆனால் மாலைதீவு மீனவர் பரம்பரையாகப் பிடிப்பது சூரை மீன், அதுவும் திறந்த கடலில், தூண்டில் தடியால் ஒவ்வொன்றாக. களப்புக்குள் தடி நட்டு வலை கட்டிக் குடும்பம் நடத்தும் வழக்கம் அவர்களுடையது அல்ல. உல்லாச விடுதித் தீவின் களப்பில் விமானம் இறங்கினால் அங்கே யாருடைய வலையும் அறுவதில்லை. நம் நாட்டிலேயே 2013 முதல் சினமன் எயார் நிறுவனத்தின் செஸ்னா காரவன் விமானங்கள் நீரில் இறங்கி வருகின்றன. அவை தெரிவுசெய்த இடங்களுள் காசல்ரீ போன்றவை மின்சாரத்துக்காக மலையில் கட்டிய நீர்த்தேக்கங்கள். தேயிலை மலை சூழ்ந்த நீர்த்தேக்கத்தையும் நாயாற்றையும் ‘நீர்நிலை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ட்வின் ஒட்டரும் காரவனும் பல தொன் எடை, ஒன்பது பத்துப் பேர் முதல் அதற்கு மேலும் ஏற்றுபவை. இங்கே பேசுவது சுமார் 650 கிலோ. நூறு குதிரைவலு ரொட்டக்ஸ் எஞ்சின், மணிக்குச் சுமார் 20 லீற்றர் சாதாரண பெற்றோல். அது எழுப்பும் அலை, வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய ஒரு பைபர் படகின் அலையைவிடப் பெரிதாக இராது. நீரைத் தொட்டு நிற்கச் சில நூறு மீற்றர் போதும். இவ்வளவு சிறியதற்கா இவ்வளவு கவலை என்று கேட்கலாம். அலையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் எடை குறைவதால் ஆபத்து குறைந்துவிடும் என்பது சரியல்ல. ஒரு வகையில் அது கூடுகிறது. பயணிகள் விமானம் குறித்த நேரத்தில், அளந்து குறித்த ஒரே இடத்தில், கரையில் ஆளும் நீரில் காவற்படகும் நிற்க, ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்த விமானியோடு வருகிறது. விளையாட்டு விமானத்தின் உயிர்நாடியே அதற்கு எதிர்மாறு. நினைத்த நேரத்தில் நினைத்த நீரில் இறங்கலாம் என்பதைத்தான் அது விற்கிறது. ஐக்கன் ஏ5இன் இறகு மடியும். காருக்குப் பின்னால் இழுவையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மடித்துக் கொண்டுபோகும் விமானத்துக்கு நிலையான தளமோ நேரசூசியோ எதற்கு என்ற கவர்ச்சி அதன் வடிவத்திலேயே இருக்கிறது. அந்தக் கவர்ச்சியின் விலையும் தெரிந்ததே. 2017 மே மாதம் கலிபோர்னியாவின் பெரியெஸ்ஸா ஏரியில் தாழப் பறந்த ஏ5 ஒன்று, வெளியேற வழியில்லாத பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் நுழைந்து மோதியதில் தயாரிப்பு நிறுவனத்தின் ஊழியர் இருவர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் ரோய் ஹலடே மெக்சிக்கோ வளைகுடாவில் தன் ஏ5ஐத் தாழ்வாகச் சுழற்றிப் பறந்தபோது விழுந்து இறந்தார். இரண்டிலும் நீருக்கு மிகத் தாழ்வாகப் பறந்ததே கேட்டைக் கொண்டுவந்தது. தாழப் பறப்பதன் இன்பம் இந்த விமானத்தின் கூடப் பிறந்தது. ஆளில்லாத ஏரியில் அதற்கு விலை கொடுப்பவர் ஏறியவர் மட்டும். ஆள் நின்று தொழில் செய்யும் களப்பில் அப்படியல்ல.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடலாமே? எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வன்னியின் வானத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விமானங்களின் பெயரைப் பதுங்குகுழிக்குள் இருந்தே கற்றார்கள். கிபிர், சகடை, சியாமாசெட்டி என்று சத்தத்தை வைத்தே பிரித்தறிந்தார்கள். ஆளில்லா வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்தார்கள், வண்டு சுற்றினால் பின்னால் எது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது குண்டு விழுந்து மாணவிகள் கொல்லப்பட்டது இதே மாவட்டத்தில். மேலே எஞ்சின் சத்தம் கேட்டால் நெஞ்சு பதறும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தச் சத்தமே வேண்டாம் என்பது ஒரு நிலைப்பாடு, மதிக்கவேண்டிய நிலைப்பாடு. ஆனால் பறப்பு என்றால் குண்டு என்ற அர்த்தத்தை மட்டும் ஒரு மண்ணுக்கு விட்டுவைப்பதும் அநியாயம். உலகத்தில் மற்றப் பிள்ளைகளுக்குப் பறப்பது ஒரு விளையாட்டாக, படிப்பாக, தொழிலாக இருக்கும்போது முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அது எட்டாததாக ஏன் இருக்கவேண்டும்? எதிர்ப்பக்கத்தில் அரசின் அச்சமும் உண்டு. விடுதலைப் புலிகளின் வான்பிரிவு 2007 மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்க வான்படைத் தளத்தைத் தாக்கியது ஸ்லின் 143 என்ற இலகு விமானத்தால்தான். அதனால் வன்னியில் தனியார் சிறுவிமானம் என்றாலே கொழும்பில் புருவம் உயரும். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பதிவுசெய்த விமானம், அடையாள சமிக்ஞைக் கருவி, முன்கூட்டிய பறப்புத் திட்டம் என்ற ஏற்பாடுகள் அந்த அச்சத்துக்கு விடை சொல்லப் போதும். போர் முழுவதும் இராணுவத் தளமாக இருந்த பலாலியே 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது.

பணக்காரரின் விளையாட்டுப் பொருள் ஏழை மாவட்டத்துக்கு எதற்கு என்ற கேள்வியும் எழும். ஏ5இன் விலை 2017இல் 3,89,000 அமெரிக்க டொலர்; வாங்கப் போகிறவர் நாயாற்றுக்காரர் அல்லர் என்பது வெளிப்படை. அந்த நிறுவனமே 2024 ஏப்ரலில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கோடீசுவர வாடிக்கையாளரை நம்பி ஒரு தொழிலைக் கட்டுவது அமெரிக்காவிலேயே தள்ளாடுகிறது. ஆகவே ‘சுற்றுலா வரும், ஊர் செழிக்கும்’ என்ற வாக்குறுதியை நான் அப்படியே ஏற்கமாட்டேன். கரையில் தங்கும் பயன் வேறிடத்தில் இருக்கிறது. உப்புநீரில் இறங்கிய விமானத்தை ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவ வேண்டும். உப்பு அலுமினியத்தையும் ஆணியையும் கம்பியையும் தின்னும். அடிப்பாகம் பெரும்பாலும் பைபரில் ஆனது. அதில் விழும் வெடிப்பைப் பார்த்து, தேய்த்து, பாய் வைத்து, பிசின் பூசி மூடும் வேலையை முல்லைத்தீவுக் கரையில் படகு திருத்தும் கைகள் ஏற்கெனவே செய்கின்றன. விமானத்துக்கு அதைச் செய்யச் சான்றிதழும் கடுமையான ஒழுங்கும் வேண்டும், ஆனால் கை பழகிய பொருள் அதுதான். பறக்க வருபவர் வாரக்கடைசிக்கு வந்து போவார். பராமரிக்கக் கற்றவருக்கு அது ஆயுள் தொழில். இப்படியொரு பயிற்சிப் பட்டறை ஒப்பந்தத்தில் எழுதப்படாத எந்தத் திட்டத்தையும் இந்தக் கரை ஏற்கத் தேவையில்லை.

பறவைகளை ஒரே வரியில் கடந்துவிட முடியாது. நாயாறு போருக்குப் பின் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட இடம். மாரியில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் நீர். ஒரு கூழைக்கடா ஏறக்குறைய ஐந்து கிலோ இருக்கும். பெரிய விமானத்துக்கு அது எஞ்சின் பழுது. 650 கிலோ விமானத்தின் முன்கண்ணாடியில் மோதினால் விமானியின் உயிர். பறவைக்காகவும் மனிதனுக்காகவும் மாரி மாதங்களில் களப்பின் மேல் பறப்பு கூடாது. ஒதுக்கம் என்று அறிவித்தபின் மீனவருக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்துவிட்டு, விமானத்துக்கு வழி திறந்தால் அந்த அறிவிப்புக்கே மரியாதை இராது.

கடைசியாக, மிகவும் அடிக்கடி கேட்கும் வாதம்: மீனவரைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அதனால் கேட்டுப் பயனில்லை. இதைச் சொல்பவர்கள் மீனவரை அறியாதவர்கள். நீரைப் பங்கிடுவதில் இந்தக் கரைக்கு உள்ள பழக்கம் எந்த விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் இல்லை. கரைவலைக்குப் ‘பாடு’ என்ற ஒழுங்கு இருக்கிறது: கரையின் எந்தத் துண்டில் யார் வலை வளைப்பது, ஒரே பாட்டில் பலர் இருந்தால் யாருக்கு முதல் முறை, அடுத்தது யாருக்கு என்ற ஒழுங்கு. எழுதாத சட்டமாகவும் பின்னர் எழுதிய விதியாகவும் அது நின்றிருக்கிறது. அந்த ஒழுங்கை மதிக்காமல் யாரும் நுழையும்போதுதான் நெருப்புப் பற்றுகிறது. சோளகக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாகும்போது தென்பகுதி மீனவர் வந்து வாடி போடுவதையொட்டி நாயாற்றில் நீண்ட பிணக்கு இருக்கிறது. 2018 ஓகஸ்டில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் எரியுமளவுக்கு அது போனது. ஏற்கெனவே இரு தரப்பு உரிமை கோரும் நீருக்கு மூன்றாவதாக ஒன்று வானத்திலிருந்து இறங்குமானால், அதுவும் முறை கேட்டே இறங்க வேண்டும். பாடு முறையை விமானத்துக்கும் நீட்டலாம். வருடத்தில் இன்ன மாதங்கள், வாரத்தில் இன்ன நாட்கள், வலை எடுத்து முடிந்தபின் இன்ன மணி முதல் இன்ன மணி வரை, மிதவை கட்டிக் குறித்த ஒரே ஓடையில் மட்டும். அந்த நேரத்தில் காவற்படகு ஓட்டுபவர் மீனவர் சங்கத்தின் ஆள், கூலி விமானத்தின் செலவு. தடி ஒன்று நகர்ந்தாலோ நீர் இறங்கினாலோ கொடி இறக்கிப் பறப்பை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே. களப்பு இதற்கெல்லாம் இடங்கொடாது என்று சங்கம் சொன்னால், உப்பில்லாத ஆழ்ந்த நீருக்கு முத்தையன்கட்டுக் குளமும் இரணைமடுக் குளமும் இருக்கின்றன. அங்கேயும் நன்னீர் மீனவர் இருக்கிறார்கள், நீருக்குள் பட்ட மரங்கள் நிற்கக்கூடும், கமக்காரருக்கு நீர் திறக்கத் திறக்கக் குளத்தின் மட்டம் மாறும். அங்கேயும் இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும்.

2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அதிகாரசபை ஓடுநீரின் நீளம், அகலம், ஆழம், காற்றின் திசை எல்லாவற்றையும் கேட்கலாம். நாயாற்றைப் பொறுத்தவரை அவற்றுக்கு முன் தேவைப்படுவது வேறொரு வரைபடம்: எந்த மாதத்தில் எந்த இடத்தில் தடி நிற்கும், எங்கே வாய் உடைந்தால் நீரோட்டம் எப்படித் திரும்பும், எங்கே ஆள் நடப்பார், எங்கே கால் நிலைக்காது, இறால் எந்த இருட்டில் எந்தப் பக்கம் போகும் என்பவை குறித்த வரைபடம். செய்மதி எடுத்த எந்தப் படத்திலும் அது இல்லை. செம்மலையிலும் கொக்குத்தொடுவாயிலும் விடிய நாலு மணிக்கு வலையோடு இறங்குகிறவர்கள் அதை மனதில் வைத்திருக்கிறார்கள். விமானத்தைக் கொண்டுவர விரும்புபவர் முதலில் ஒரு பென்சிலோடு அவர்களின் சங்கக் கட்டடத்துக்குப் போகட்டும்.